ஹாட் யோகா முதல் கிளாஸ்: பாண்டியில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா, உள்ளே என்னதான் நடக்கிறது?

மஞ்சக்குப்பம்_மல்லி
புதன், இரவு 9.40

வயது 39, கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள். ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் மூன்று மாதமாக ஒரு ஹாட் யோகா ஸ்டூடியோவுக்குப் போகிறாள். "ஒரு தடவை வந்து பாருங்கக்கா, உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும்" என்று தினமும் உயிரை எடுக்கிறாள். முதல் கிளாஸுக்குப் பாதிக் கட்டணம்தானாம், என்னைக் கேட்காமலே சனிக்கிழமைக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள்.

யோகா அடியோடு தெரியாது என்றில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் செய்த சூரிய நமஸ்காரத்தோடு சரி. இங்கே 40 டிகிரி அறையில் கதவை மூடிவிட்டுத் தொண்ணூறு நிமிஷம் என்கிறாள். சித்திரையில் மொட்டை மாடிக்கு வடகம் பிழியப் போனாலே பத்தாவது நிமிஷம் கீழே இறங்கி ஃபேனுக்கு அடியில் உட்காருகிற ஆள் நான். பி.பி. வேறு எப்போதும் கொஞ்சம் குறைவு, 100க்கு 65 பக்கம்.

என்ன உடுத்திக்கொண்டு போவது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, தாங்க முடியவில்லை என்றால் நடுவில் வெளியே விடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேலே, இந்தச் சூடு எதற்கு? விளம்பரத்தில் எழுதுவதை எல்லாம் படித்துவிட்டேன். போனவர்கள் நேரடியாகச் சொல்லுங்கள்.

ஓடி_ஓட்டம்

மே மாதம் மதியம் 2 மணிக்கு கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்ட் டவுன்) திருப்பாதிரிப்புலியூருக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வாருங்கள். வெப்பம் உண்டு, ஈரப்பதம் உண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் உண்டு. கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார், தான் ஒன்றும் செய்து காட்டமாட்டார், அதுவும் உங்கள் ஸ்டூடியோ மாதிரியேதான். பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை.

ஒயிட்டவுன்_வாக்கர்

மேலே இருப்பவர் கிண்டலாகச் சொன்னாலும் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். உண்மையிலேயே மாஸ்டர் செய்து காட்டமாட்டார்.

நான் ஒன்றரை வருஷமாகப் போகிறேன், வாரத்துக்கு இரண்டு நாள். முதலில் உங்கள் ஸ்டூடியோ எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் "ஹாட்" என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு வகை ஓடுகிறது. தொண்ணூறு நிமிஷம், 40 டிகிரி என்றால் அநேகமாக பிக்ரம் வரிசை, பிக்ரம் சௌத்ரி என்பவர் வகுத்தது. 26 ஆசனம், முதலில் ஒரு மூச்சுப் பயிற்சி, முடிவில் ஒரு மூச்சுப் பயிற்சி. உலகத்தில் எந்த ஊரில் போனாலும் அதே வரிசைதான், ஒன்றுகூட மாறாது. அறை 40.6 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்பது அவர்களுடைய கணக்கு. மற்ற இடங்களில் வின்யாசா மாதிரி ஓட்டமாகச் செய்வார்கள், அங்கே 32 முதல் 36 டிகிரி வரைதான் வைப்பார்கள், நேரமும் ஒரு மணிதான்.

பிக்ரம் வகுப்பு எப்படிப் போகும் என்றால், கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது சூடு இல்லை, வாசனை. இட்லிப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் வருமே அந்த ஆவி, அதில் இட்லிக்குப் பதில் நேற்றைய பனியன். ஐந்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. புது ஆள் பின்வரிசையில் நிற்பது நல்லது, முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்யலாம், வாசலும் பக்கம். சிலர் ஹீட்டருக்கு நேர் கீழே பாயைப் போட்டுவிட்டுச் சாகக் கிடப்பார்கள், அதைப் பார்த்துத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கையை மோவாய்க்கு அடியில் கோத்து மூச்சு இழுப்பதில் ஆரம்பிக்கும். அது முடியும்போதே கழுத்து நனைந்துவிடும். அப்புறம் அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம். கருடாசனம் முடிந்ததும்தான் முதல் தண்ணீர். அதற்கு முன்னால் குடிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாரும் நிற்கும்போது நாம் மட்டும் பாட்டிலைத் திறந்தால் என்னவோ கல்யாணப் பந்தியில் முதலில் கை வைத்த மாதிரி இருக்கும். தேவைப்பட்டால் வெட்கப்படாமல் குடியுங்கள். முதல் பாதி முழுக்க நின்று செய்வது, ஒற்றைக் காலில் நின்று நெற்றியை முழங்காலில் வைப்பதெல்லாம் அதில்தான் வரும். இரண்டாம் பாதி தரையில். சுலபம் என்று நினைப்பீர்கள், இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்யச் சொல்வார்கள், நடுவில் இருபது நொடி சவாசனம்.

உஷ்ட்ராசனம் வரும்போது கவனம். முட்டி போட்டு முதுகைப் பின்னால் வளைத்து குதிகாலைப் பிடிப்பது. அதுவரைக்கும் சமாளித்தவர்களுக்குக்கூட அங்கே குமட்டும், சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும். வந்தால் மெதுவாக எழுந்து படுத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி: கடைசியாகச் சாப்பிட்டு இரண்டரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஆனால் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். தொளதொள சுடிதார் வேண்டாம், நனைந்தால் ஒரு கிலோ கனம். உடம்போடு ஒட்டின லெக்கிங்ஸ், பனியன் துணி டி-ஷர்ட் போதும். பாயின் மேல் விரிக்கப் பெரிய துண்டு ஒன்று, முகத்துக்குச் சின்னது ஒன்று, மாற்று உடை, ஈரத்தைச் சுருட்ட பிளாஸ்டிக் கவர். பதினைந்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள், கதவைச் சாத்திவிட்டால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள்.

முதல் நாள் குறிக்கோள் ஒன்றே ஒன்று, அறைக்குள் இருப்பது. ஆசனம் எல்லாம் இரண்டாவது.

லாஸ்பேட்டை_அக்கா

வாக்கர் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் கடைசி வரிதான் இடிக்கிறது. அறைக்குள் இருப்பதற்கு எதற்கு யோகா, அடுப்பங்கரை போதுமே?

நான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறவள். சுவாமி கீதானந்தா 1968இல் ஆனந்தா ஆசிரமத்தை ஆரம்பித்த ஊர் இது. தட்டாஞ்சாவடியில் கம்பளி சுவாமி மடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் 4 முதல் 7 வரை அரசே யோகா திருவிழா நடத்துகிறது, கடற்கரை சாலைப் பக்கம் இலவசமாகவே கற்றுக்கொடுப்பார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஹீட்டருக்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குச் சிரிப்பு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது விடியற்காலை, காற்றோட்டமான இடம், வெறும் வயிறு. மூச்சு இரைத்தால் நிறுத்து, முடித்து எழுந்தால் களைப்பு தெரியக் கூடாது.

அதைவிட எனக்குப் பயம் தசைநார் விஷயத்தில். சூட்டில் உடம்பு இளகின மாதிரி இருக்கும், வழக்கமாக முழங்காலைத் தொடுகிற கை அன்றைக்குப் பாதத்தைத் தொடும். சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் இழுப்போம். வலி தெரிவது மறுநாள். என்னிடம் வந்த இரண்டு பெண்களுக்குத் தொடையின் பின்பக்கம், உட்காருகிற எலும்புக்குக் கீழே, மாதக்கணக்கில் வலி. இரண்டு பேரும் சூட்டு வகுப்பில் இழுத்துக்கொண்டவர்கள். மல்லி, போனால் வழக்கமாக உனக்கு வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்.

ஒயிட்டவுன்_வாக்கர்

அக்கா, அந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இது வெளிநாட்டுச் சரக்கு என்கிற தொனி வேண்டாம். அந்த வரிசையை உண்டாக்கினவர் கொல்கத்தாக்காரர், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி விஷ்ணு சரண் கோஷிடம் கற்றவர். எழுபதுகளில் அமெரிக்கா போய்ப் பெரிய ஆளானார்.

லாஸ்பேட்டை_அக்கா

ஆனார், அப்புறம் என்ன ஆனார் என்பதையும் எழுதுங்கள். 26 ஆசனமும் தனக்கே சொந்தம் என்று வழக்கு போட்டு, அப்படி உரிமை கோர முடியாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். மாணவிகள் பலர் பாலியல் புகார் கொடுத்தார்கள். அவரிடம் வேலை பார்த்த பெண் வழக்கறிஞர் போட்ட வழக்கில் 2016இல் ஜூரி லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அவர் அந்த நாட்டை விட்டே போய்விட்டார், 2017இல் வாரண்ட். அதனால்தான் இப்போது நிறைய இடத்தில் பெயரைச் சொல்லாமல் "26 பிளஸ் 2" என்று போடுகிறார்கள்.

ஒயிட்டவுன்_வாக்கர்

உண்மைதான். அந்த ஆள் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. அவர் பண்ணின தப்புக்குப் புஜங்காசனம் என்ன செய்யும்?

சிப்காட்_சில்லர்

யோகா தெரியாது, ஏ.சி. தெரியும். பதினான்கு வருஷமாகக் குளிரூட்டி, வெப்பக் காற்று இரண்டும் வேலை. அதனால் சூடு பற்றி மட்டும்.

40 டிகிரி என்றதும் எல்லாரும் பயப்படுகிறீர்கள், பயப்பட வேண்டியது அந்த எண்ணுக்கு இல்லை. வியர்வை தோலில் இருந்து ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும். சொட்டிப் பாயில் விழுகிற வியர்வையால் ஒரு பைசா பிரயோஜனமும் இல்லை. ஆவியாகுமா என்பதைத் தீர்மானிப்பது காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது. தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்போம். 40 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் அது 28.5 பக்கம் வரும். நம் ஊரில் மே மாதம் கடல்காற்று நுழைந்த பிறகு 35 டிகிரி, 70 சதவீதம் என்று வையுங்கள், 30ஐத் தாண்டிவிடும். அதாவது சரியாக நடத்துகிற ஸ்டூடியோவைவிட தேவனாம்பட்டினத்தின் புழுக்கம் மோசம். ஓடி_ஓட்டம் சொன்ன டவுன் பஸ் கணக்கு தப்பே இல்லை. ஆனால் பஸ்ஸில் நாம் சும்மா நிற்கிறோம், அங்கே உடம்பு உள்ளேயிருந்தும் சூட்டை உற்பத்தி செய்கிறது, அந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இப்போது இன்னொரு பக்கம். இருபத்தைந்து பேரை அடைத்து, கதவைச் சாத்தி, எல்லாரும் ஊற்ற ஊற்ற வியர்த்தால் அந்த 40 சதவீதம் அப்படியே நிற்குமா? புதுக்காற்று உள்ளே வர, ஈரக்காற்று வெளியே போக வழி வைத்திருந்தால் நிற்கும். சும்மா நான்கு ஹீட்டரை மாட்டிவிட்டு ஜன்னலில் தெர்மாகோல் ஒட்டியிருந்தால் 60ஐத் தொடும். அப்போது ஈரக்குமிழ் 33. அது வேறு உலகம்.

ஆகவே போனதும் சுவரில் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது. சில இடங்களில் காற்றைச் சுட வைக்காமல் இன்ஃப்ராரெட் பலகை மாட்டியிருப்பார்கள், அது வெயிலில் நிற்கிற மாதிரி உடம்பையே நேராகச் சுடும், மீட்டரில் 34 என்று காட்டினாலும் முதுகில் அதிகமாகத் தெரியும். கண்ணாடியில் நீர் கோத்து ஓடுகிறதா என்பது இலவச மீட்டர்.

மூணாவது_ஷிப்ட்

சில்லர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வார்டில் இரண்டு பேருக்கு அனுப்பினேன். நான் நர்ஸ், ஏப்ரல் மே மாதங்களில் வெப்பத்தில் விழுந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மல்லி அக்கா, முதலில் உங்கள் பி.பி. விஷயம். குறைவாக இருப்பவர்களுக்குச் சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து இன்னும் இறங்கும். தரையிலிருந்து திடீரென்று எழுவதும், குனிந்து நிமிர்வதும்தான் உங்களுக்குக் கண்டம். தலை சுற்றினால் உட்காராதீர்கள், படுத்துவிடுங்கள். படுத்தும் சரியாகாவிட்டால் வெளியே.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, படபடப்பு, இவையெல்லாம் உடம்பு கொடுக்கிற முதல் மணி. அத்தோடு நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் படுத்து, உப்புத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினால், அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. 108ஐக் கூப்பிடுங்கள், அது வருவதற்குள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கர்ப்பிணிகள் போகவே வேண்டாம். இதயநோய் உள்ளவர்கள், பி.பி.க்கு நீர் மாத்திரை அல்லது பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் ஏறும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்த வாரம் யாருமே வேண்டாம்.

தண்ணீர் மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். உப்புப் போட்ட நீர்மோர் அதைவிட மேல். ஓ.ஆர்.எஸ். என்றால் மருந்துக்கடையில் கிடைக்கிற பொடி, பாக்கெட்டை முழுசாக, அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில். டெட்ரா பாக்கெட்டில் அதே பெயரைப் போட்டு விற்ற இனிப்புத் தண்ணீரை நம்ப வேண்டாம், அப்படிப் பெயர் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. பி.பி. அதிகம் இருப்பவர்கள் உப்பு விஷயத்தில் அவரவர் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

"வியர்வையில் நச்சு வெளியேறுகிறது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும்.

கரும்பு_வண்டி

நெல்லிக்குப்பம். நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், நர்ஸ் அம்மா நீர் மாத்திரை என்று சொன்னதால் எழுதுகிறேன்.

போன வருஷம் வேறு ஒரு ஊரில், பெயர் வேண்டாம், மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஃபாரத்தில் "உடல் உபாதை ஏதேனும்" என்று ஒரு கோடு இருந்தது, பி.பி. மாத்திரை என்று எழுதினேன். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது கிளாஸில் அரை மணி தாண்டினதும் காது அடைத்துக்கொண்டது. வெளியே போகிறேன் என்று எழுந்தேன். மாஸ்டர் மைக்கிலேயே, "கதவைப் பார்க்காதீங்க, இது உடம்பு இல்ல, மனசு சொல்ற பொய், தாங்குங்க" என்றார். அத்தனை பேர் பார்க்கிறார்கள். 51 வயது ஆம்பிளை, எனக்கு வெட்கம். தாங்கினேன். அப்புறம் நினைவில் இருப்பது பாத்ரூம் டைல்ஸும் கன்னத்தில் அதன் குளிர்ச்சியும்தான். இரண்டு காலும் கயிறு முறுக்கின மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தேன். எமர்ஜென்சியில் இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள், மாத்திரையில் இருந்த நீர் மருந்துதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். மீதிப் பணத்தைக் கேட்டால் "பாலிசி இல்லை சார்".

ஆகவே மல்லி அம்மா, யாராவது தாங்குங்கள் என்று சொன்னால் அன்றைக்கே பாயைச் சுருட்டுங்கள். மொத்தப் பணம் முதலிலேயே கட்டாதீர்கள்.

ஒயிட்டவுன்_வாக்கர்

படிக்கவே சங்கடமாக இருக்கிறது அண்ணே. "வெளியே போகாதீங்க" என்று எங்கள் இடத்திலும் ஆரம்பத்தில் சொல்வார்கள், ஆனால் அதற்கு அர்த்தம் வேண்டுமானால் படுத்துக்கொள்ளுங்கள் என்பது. சில மாஸ்டர்கள் அதை வீரமாக மாற்றிவிடுகிறார்கள். நான் மேலே "அறைக்குள் இருப்பது குறிக்கோள்" என்று எழுதினதையும் திருத்திக்கொள்கிறேன். படுத்திருந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி.

முத்தியால்பேட்டை_முருங்கை

எடை குறையுமா குறையாதா, அதை யாரும் சொல்லவில்லையே? கிளாஸ் முடிந்து மெஷினில் ஏறினால் ஒரு கிலோ குறைகிறது என்கிறார்களே.

மூணாவது_ஷிப்ட்

அது தண்ணீர். அந்த ஒரு கிலோவுக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் வரை திரும்பக் குடித்தாக வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிக்ரம் வகுப்பை அளந்து பார்த்தார்கள், 90 நிமிஷத்துக்கு ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரி, பெண்களுக்கு 330. கடற்கரையில் வேகமாக நடந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

சூடு அவசியமா என்று மல்லி அக்கா கேட்டதற்கும் பதில் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடுத்தர வயதுக்காரர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே 26 ஆசனங்களை ஒரு குழுவுக்கு 40 டிகிரியிலும் இன்னொன்றுக்குச் சாதாரண அறையிலும் 12 வாரம் செய்ய வைத்தார்கள். 2018இல் வெளியானது. ரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கிற திறன் யோகா செய்த இரண்டு குழுவிலும் முன்னேறியது. அந்த விஷயத்தில் சூட்டுக்குத் தனி லாபம் ஒன்றும் தெரியவில்லை.

லாஸ்பேட்டை_அக்கா

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒயிட்டவுன்_வாக்கர்

அக்கா, எனக்கு ரத்தக்குழாய் கணக்கு வேண்டாம். எட்டு மணி நேரம் ஏ.சி.யில் கம்ப்யூட்டர் முன்னால் உறைந்து கிடக்கிறவன். அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் போனும் இல்லை, பேச்சும் இல்லை, அடுத்த மூச்சைத் தவிர வேறு நினைப்பும் வராது. பிடித்திருக்கிறது, போகிறேன். மருந்து என்று சொல்லி யாரிடமும் விற்கமாட்டேன்.

மஞ்சக்குப்பம்_மல்லி
ஞாயிறு, மாலை 5.15

போய்விட்டு வந்தேன். உயிரோடுதான் இருக்கிறேன்.

காலை 7 மணி கிளாஸ். நாலரைக்கு எழுந்து ஒரு வாழைப்பழம் மட்டும், முந்தின நாள் முழுக்க மோர். போனதும் மீட்டர் எங்கே என்று கேட்டேன், வரவேற்பில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காட்டினாள்: 38 டிகிரி, ஈரப்பதம் 43. முடியும்போது எட்டிப் பார்த்தேன், 52 ஆகியிருந்தது. சில்லர் அண்ணா, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் நீர் கோத்திருந்தது, ஓடவில்லை. பி.பி. குறைவு என்று எழுதினதைப் படித்துவிட்டு மாஸ்டரே பின்வரிசைக்கு வந்து, முடியாவிட்டால் படுங்கள், கதவு பூட்டியில்லை, வெளியே பெஞ்சும் ஃபேனும் இருக்கிறது என்றார். பாதிப் பயம் அங்கேயே போனது.

யாரும் சொல்லாத ஒன்று, நகை. கழுத்துச் சங்கிலி சூடாகித் தோலில் ஒட்டிக்கொண்டது, கழற்றி வைத்திருக்க வேண்டும். கண்மை இட்டுக்கொண்டு போனது மகா முட்டாள்தனம், கருடாசனத்தில் இரண்டு கையும் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது அது கரைந்து கண்ணில் இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் என் முகம் செம்பருத்திப் பூ மாதிரி, அதில் இரண்டு கறுப்புக் கோடு. ஸ்டிக்கர் பொட்டைக் காணோம். அரை மணி கழித்துத் துண்டின் மேல் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. முழங்கையின் நுனியில் ஒரு சொட்டு சேர்ந்து சேர்ந்து கனத்து விழுவதை ஒரு சவாசனம் முழுக்கப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை. வாக்கர் சொன்னது அதுதான் போலிருக்கிறது.

நின்று செய்வதில் பாதியை உட்கார்ந்துதான் கடத்தினேன். உஷ்ட்ராசனத்தில் குமட்டிக்கொண்டு வந்தது, முதல் தடவையிலேயே படுத்துவிட்டேன், இரண்டாவது தடவை எழவே இல்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, எல்லாவற்றையும் பாதி அளவுக்கு மட்டும் செய்துகொண்டு, தோன்றும்போதெல்லாம் படுத்துக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி நிதானமாக முடித்தார். அந்த அறையில் அவர்தான் கெட்டிக்காரி.

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊட்டி மாதிரி இருந்தது. கடற்கரை சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். குடித்தேன், அந்த உப்புக் கரிப்பு அன்றைக்குத் தேனாக இனித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட வந்தவள் இழுத்துக்கொண்டு போய் மூன்று பரோட்டா வாங்கிக்கொடுத்துவிட்டாள், கலோரிக் கணக்கு முடிந்தது. கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தவள் மஞ்சக்குப்பம் வந்துதான் கண் திறந்தேன். சாயங்காலம் லேசான தலைவலி. இன்றைக்குத் தொடையின் பின்பக்கம் படியிறங்கும்போது மட்டும் சொல்கிறது, அக்கா சொன்ன இடம் இல்லை, அதற்குக் கீழே.

பஞ்சு மாதிரி ஆகவில்லை. நனைந்த பஞ்சு மாதிரி ஆனேன்.

மூணாவது_ஷிப்ட்

தலைவலி வந்தது குடித்தது போதவில்லை என்பதால் இருக்கலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகும் வரை குடியுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் தொடர்ந்து பழக்க வேண்டும், அதனால் அடுத்த கிளாஸ் சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸில் போனதும் நல்லது, முதல் நாளே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு யாரும் திரும்பாதீர்கள்.

லாஸ்பேட்டை_அக்கா

அந்தப் பெரியம்மாவைப் பார்த்தாயே, அது போதும். மறுபடி போகிறாயா?

மஞ்சக்குப்பம்_மல்லி

போகிறேன் அக்கா, ஆனால் தொண்ணூறு நிமிஷத்துக்கு இல்லை. அங்கேயே 33 டிகிரியில் ஒரு மணி நேர வகுப்பு சனிக்கிழமை மாலை இருக்கிறதாம். ஒரு கிளாஸுக்கு மட்டும் கட்டியிருக்கிறேன், பேக்கேஜ் வேண்டாம் என்றேன், கரும்பு_வண்டி அண்ணனை நினைத்துக்கொண்டேன். கத்திரி முடியும் வரை அதற்குமேல் சூடு வேண்டாம், அதை வீட்டு மாடியே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு வாரம் லாஸ்பேட்டைக்கு உங்களிடமும் வருகிறேன்.

வாக்கர், ஒரே ஒரு சந்தேகம். வாடகைப் பாயில் படுத்தபோது முந்தின ஆளின் வரலாறு முழுக்க மூக்கில் ஏறியது. சொந்தப் பாய் வாங்கினால் எப்படித் துவைப்பது?

ஒயிட்டவுன்_வாக்கர்

ரப்பர் பாயை ஊற வைக்காதீர்கள், உப்பிவிடும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துப் பொடியாக உதிரும், என்னுடைய முதல் பாய் அப்படித்தான் போனது. துண்டை அன்றைக்கே அலசிவிடுங்கள், பையிலேயே மறந்தால் திங்கட்கிழமை வீட்டில் கருவாடு வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

மஞ்சக்குப்பம்_மல்லி

சனிக்கிழமை கடலூரிலிருந்து காரில் வருகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஈரத் தலையோடு இரவு பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஓடி_ஓட்டம்

நான் கார் எடுத்து வருகிறேன். உள்ளே வரமாட்டேன். வெளியே அந்த பெஞ்சும் ஃபேனும் இருக்கிறது என்று சொன்னீர்களே, அது எனக்கு.